விக்கியில் எச்டிஎம்எல்லைத் திறந்துவிடலாமா?

கேள்வி: எங்கள் அலுவலகக் குறிப்புகளை டோக்குவிக்கியில் (பலர் சேர்ந்து எழுதும் விக்கித் தளத்துக்கான மென்பொருள்) வைத்திருக்கிறோம். எழுத வசதியாக இருக்குமே என்று, எளிய குறிகளால் பக்கத்தை வடிவமைக்க உதவும் மார்க்டவுன் பிளகினும் (துணை நிரல்) போட்டிருக்கிறோம். இப்போது பக்கங்களுக்குள் யூடியூப் வீடியோவும், நிறம் போட்ட எச்சரிக்கைப் பெட்டிகளும் வேண்டும். பராமரிப்பவர், "பிளகினில் எச்டிஎம்எல்லை (வலைப்பக்கங்களை அமைக்கும் குறியீட்டு மொழி) அனுமதித்துவிட்டால் எல்லாம் வரும்" என்று சொல்லித் தனிக் கட்டணம் கேட்கிறார். நாற்பது பேர் எழுதும் விக்கி இது. கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பெரும்பாலும் அவர் செய்யப்போவது அமைப்புப் பக்கத்தில் ஒரு டிக் போடுவதுதான். காசு போவதைவிட, அந்த டிக்கால் வரும் வினைதான் பெரிது.

2004-இல் ஜான் குரூபர் மார்க்டவுனை வெளியிட்டபோதே நடுவில் எச்டிஎம்எல் எழுத இடம் வைத்திருந்தார். தன் பக்கத்தைத் தானே எழுதுகிறவருக்கு அது சரி. விக்கியில் ஒருவர் எழுதியது இன்னொருவரின் பிரவுசரில் ஓடும். நாற்பது பேரில் ஒருவருடைய பாஸ்வேர்டு திருடுபோனால் போதும்; திருடியவர் ஒரு பக்கத்தில் ஸ்கிரிப்ட்டை (பிரவுசரில் ஓடும் நிரல்) செருகிவைப்பார், அட்மின் அதைத் திறந்ததும் அட்மினின் உரிமையோடு அது வேலை செய்யும்.

"ஸ்கிரிப்ட் டேக்கை (எச்டிஎம்எல்லில் நிரலைச் செருகும் குறி) மட்டும் தடுத்துவிடுகிறேன்" என்று அவர் சொல்லலாம். போதாது. படம் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பட டேக்கிலேயே நிரல் எழுதிவைக்க முடியும். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் சமூக வலைத்தளத்தில் பரவிய சாமி புழு (தானே பரவும் தீய நிரல்), அந்தத் தளத்தின் வடிகட்டிகளைத் தாண்டி ஒரு நாளுக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களுக்குப் போனது. அது நுழைந்த வழி ஸ்டைல் பண்பு, அதாவது நிறம் போடுகிற அதே இடம்! இன்றைய பிரவுசர்களில் அந்தக் குறிப்பிட்ட ஓட்டை இல்லை. ஆனால் புது ஓட்டைகளைத் தேடுகிறவர்கள் ஓய்வதில்லை.

விக்கிப்பீடியா ஓடும் மென்பொருளான மீடியாவிக்கியில், எல்லா எச்டிஎம்எல்லையும் அப்படியே ஏற்கும் இந்த வசதி அணைத்த நிலையில்தான் வருகிறது. டோக்குவிக்கியும் முன்பு தன்னிடம் இருந்த இந்த அமைப்பை மைய நிரலிலிருந்து நீக்கிவிட்டது.

உங்களுக்கு வேண்டியவை இரண்டுதானே? வீடியோவுக்கு விஷேர், பெட்டிகளுக்கு ராப். இரண்டும் இலவச பிளகின்கள். மார்க்டவுன் பக்கத்துக்குள் அவற்றின் குறியீடு எடுபடுமா என்பது நீங்கள் போட்டிருக்கும் பிளகினைப் பொறுத்தது. அதை முதலில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். நிறுவும் வேலைக்கு நியாயமான கூலி கொடுக்கலாம்.

எழுதுகிறவர்கள் இரண்டு மூன்று அட்மின்கள் மட்டும், மற்றவர்கள் படிக்க மட்டும் என்றால் டிக் போட்டுக்கொள்ளலாம். இல்லை, எல்லோருக்கும் எச்டிஎம்எல் வேண்டியே தீரும் என்றால், எச்டிஎம்எல் பியூரிஃபையர் போன்ற வடிகட்டியைப் பொருத்தித் தரச் சொல்லுங்கள். அது உண்மையான வேலை, காசு கேட்பதும் நியாயம். ஆனால் எந்தெந்த டேக், எந்தெந்தப் பண்பு அனுமதிக்கப்படும் என்ற பட்டியலைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.