வரப்பும் வழுவும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, எழுதியவர்கள் கூடிப் பேசிக்கொண்டு அனுப்பினாற்போல, எல்லையையும் குற்றத்தையும் சுற்றியே அமைந்திருந்தன. சம்பா அறுவடையும் கொள்முதலும் நடக்கிற சமயம் என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே அவற்றுக்கு மட்டுமே இங்கே பதில் எழுதுகிறேன்.

புவியியல் பாடத்தில் நிலம் பிளந்து விலகிய இடத்தை ஆங்கிலத்தில் 'ஃபால்ட்' என்கிறார்கள். மின்கம்பத்தில் ஏறும் லைன்மேனும் 'ஃபால்ட்' என்கிறார். டென்னிசில் முதற்பந்து கட்டத்துக்கு வெளியே விழுந்தாலும் அதே சொல்தான். தமிழில் மட்டும் குற்றம், பிழை, வழு, பழுது என்று இத்தனை சொற்கள் எதற்கு? – ஆசிரியை, மன்னார்குடி

நிலவியலுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். நிலக்கரி அடுக்கைத் தொடர்ந்து வெட்டிக்கொண்டே போகும்போது அது திடீரென்று அறுந்து, எதிரே வெறும் பாறை நின்றால், கூலிக்கு வெட்டுபவருக்கு அது பெருங்குறை. உண்மையில் அடுக்கு எங்கும் தொலைந்துவிடவில்லை. பாறை உடைந்து நழுவியதால் சற்று மேலேயோ கீழேயோ இருக்கிறது. ஆனாலும் அவர்கள் வைத்த பழிப்பெயரே நூல்களில் நிலைத்துவிட்டது. தமிழில் நாம் அந்தப் பழியைச் சுமக்காமல், 'பிளவு', 'பிளவுப் பெயர்ச்சி' என்று நடந்ததை நடந்தபடி சொல்லும் பெயர்களை எடுத்துக்கொண்டது நல்லதே என்பது என் எண்ணம்.

லைன்மேன் சொல்வது வேறு. கம்பிக்குள் ஓட வேண்டிய மின்சாரம், காப்புறை கிழிந்த இடத்தில் ஈரச் சுவருக்கோ தரைக்கோ இறங்கிவிடுவதை அவர் குறிக்கிறார். வீட்டுப் பலகையில் பொருத்தும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி, உள்ளே போன மின்சாரம் முழுவதும் திரும்பி வந்ததா என்று ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. ஆளைக் காப்பதற்காக வீடுகளில் வழக்கமாகப் பொருத்தும் வகை, வேறுபாடு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டவிடாமல் இணைப்பைத் துண்டித்துவிடும். ஓட்டம் இன்ன வழியில் இவ்வளவு என்று ஒரு வரம்பு குறித்த பிறகுதான் இங்கே குறை என்ற பேச்சே எழுகிறது. டென்னிசிலும் அப்படித்தான், கோடு கிழிக்காத வெற்றுத் தரையில் எந்தப் பந்தும் தவறாக விழ முடியாது.

தமிழில் உள்ள சொற்களை ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று என்று நினைத்துவிட வேண்டாம். பம்புசெட் பழுதாகும், கூட்டல் பிழையாகும், திருட்டு குற்றமாகும். மோட்டார் குற்றம் செய்தது என்று எவரும் சொல்வதில்லை. இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது இலக்கணத்தார் கையாளும் 'வழு'. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழிலும் வழு நேரும் என்று வரையறுத்த நன்னூலார், அதே கையோடு வழுவமைதிக்கும் இடம் விட்டார். மேய்ச்சல் முடிந்து தொழுவத்துக்குத் திரும்பும் பசுவைப் பார்த்து ஒருவர் 'என் அம்மை வந்தாள்' என்றால், அஃறிணையை உயர்திணையாகச் சொன்ன அது திணை வழுதான். ஆயினும் உவப்பினால் சொன்னதாகையால் இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறது. லைன்மேனின் ஃபால்ட்டுக்கு இப்படி ஓர் அமைதி கிடையாது.

வாதம், பித்தம், கபம் மூன்றும் உடலில் இருக்க வேண்டியவைதாமே? அவற்றைச் சித்த மருத்துவர்கள் 'முக்குற்றம்' என்பது ஏன்? – வாசகி, கும்பகோணம்

அவை தம் அளவில் நிற்கும்வரை உடலைத் தாங்குகின்றன. அளவு கடந்தால் நோய் செய்கின்றன. வாதம் ஒன்று, பித்தம் அரை, கபம் கால் என்பது சித்த நூல்கள் சொல்லும் விகிதம். 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்று வள்ளுவரும் இரண்டு பக்கத்திலும் வரம்பு கட்டியிருக்கிறார். மிகுவது மட்டுமன்றிக் குறைவதும் மீறலே என்பதைக் கவனியுங்கள்.

நம் டெல்டாவுக்கு அடியில் பெரிய பிளவுகள் இருப்பதாகவும், அதனால்தான் எண்ணெய் கிடைப்பதாகவும் சொல்கிறார்கள். நிலநடுக்கத்துக்கு அஞ்ச வேண்டுமா? – வாசகர், திருவாரூர்

பிளவுகள் இருப்பது உண்மை. கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் உடைந்து இந்தியா தனியாகப் பிரிந்த காலத்தில், ஜுராசிக் முடிவிலும் கிரிட்டேசியஸ் தொடக்கத்திலுமாக, இங்கே நிலம் இழுபட்டுப் பாளம் பாளமாக நழுவியது. வடகிழக்கு–தென்மேற்காக நீண்ட பள்ளங்களும் அவற்றுக்கிடையே மேடுகளும் உண்டாயின. தரங்கம்பாடிப் பள்ளம், நாகப்பட்டினப் பள்ளம், காரைக்கால் மேடு என்று நிலவியலார் சொல்வது இவற்றைத்தான். ஆழமான இடங்களில் 5 கிலோமீட்டருக்கும் மேல் வண்டல் நிரம்பி மூடிவிட்டதால், வயலில் நின்று பார்ப்பவருக்கு மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது.

பிளவின் இருபுறமும் அடுக்குகள் இடம் மாறுவதால், எண்ணெய் ஊறிய மணற்கல்லுக்கு எதிரே சில இடங்களில் இறுகிய களிப்பாறை வந்து நிற்கும். மேல்நோக்கி நகர்ந்துவரும் எண்ணெய் அதற்கு அப்பால் போக முடியாமல் தேங்கும். அந்த எண்ணெய்க்குப் பிளவுதான் வரப்பு. எல்லாப் பிளவும் அப்படி அடைத்துக்கொண்டிருப்பதில்லை. சில, மடை திறந்தாற்போல எண்ணெயை மேலே கசியவிட்டுவிடும். நரிமணம் போன்ற இடங்களில் துளையிடுமுன் இந்த வேறுபாட்டை அறிவதற்குத்தான் அத்தனை ஆய்வு.

உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். பழைய பிளவு இருக்கிறது என்பதாலேயே நிலநடுக்கம் வரும் என்று கொள்ள முடியாது. அதன்மீது இன்றும் அழுத்தம் சேர்ந்து அது நழுவினால்தான் நடுக்கம்.

பத்திரத்தில் மூன்று மா, அதாவது 100 சென்ட், என்று இருக்கிறது. அளந்தால் 96 சென்ட்தான் வருகிறது. நான்கெல்லையோ சரியாகப் பொருந்துகிறது. எது செல்லும்? – விவசாயி, பாபநாசம்

பொதுவாக, பரப்பளவும் நான்கெல்லையும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் எல்லையையே பெரிதாகக் கொள்கின்றன. விதிவிலக்குகளும் உண்டு என்பதால் வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டிவிடுங்கள். 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின்படி நட்ட கற்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவற்றைப் பிடுங்கியிருந்தால் அது தனிக் குற்றம்.

உங்கள் பத்திரத்தில் கிழக்கெல்லை என்பதற்கு எதிரே 'வாய்க்காலுக்கு மேற்கு' என்பதுபோல எழுதியிருக்கும். இந்த நடை மிகப் பழையது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தியைச் சொல்லும் பெரிய லெய்டன் செப்பேடுகளைப் பாருங்கள். பெண்யானையை நடத்தி ஊரைச் சுற்றிவரச் செய்து, கல்லும் கள்ளியும் நாட்டி எல்லை குறிப்பது சோழர் கால வழக்கம். 'கீழ்பாற்கெல்லை' இன்ன வாய்க்காலுக்கு மேற்கு என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் சொல்லிக்கொண்டே போவார்கள். யானை நடந்த வழியைப் பத்து ஊரார் பார்த்திருப்பார்கள் அல்லவா? பரப்பைக் கணக்கிடும்போது கைப்பிழை நேரலாம். எல்லையைப் பலர் கண்ணால் பார்த்து நட்டிருப்பதால் அதற்கு வலு அதிகம்.

நான்கு சென்ட் எங்கே போனது என்று கேட்டால், பக்கத்து வயல்காரர் ஆண்டுதோறும் வரப்பு வெட்டும்போது ஒரு மண்வெட்டி அகலம் தம் பக்கம் சீவிக்கொள்ளும் வழக்கத்தை நம் ஊரில் எல்லோரும் அறிவோம். ஆனால் எல்லை பொருந்துகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், அவரைச் சந்தேகிக்குமுன் பத்திரம் எழுதியவரின் கணக்கைச் சந்தேகியுங்கள்.

கணக்கில் வரும் 'எல்லை' எனக்குப் புரியவில்லை. தொடவே தொடாத ஒன்று எப்படி எல்லையாகும்? – பிளஸ் டூ மாணவர், திருவையாறு

அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாட்டி அளக்கும் கணக்கையே எடுத்துக்கொள். அரையோடு கால் சேர்த்தால் முக்கால். அரைக்கால் சேர்த்தால் எட்டில் ஏழு. வீசமும் சேர்த்தால் பதினாறில் பதினைந்து. ஒவ்வொரு முறையும் முந்தியதில் பாதியைச் சேர்த்துக்கொண்டே போனால் ஒன்றை எட்டவும் மாட்டாய், தாண்டவும் மாட்டாய். ஆனால் ஒன்றுக்கு எவ்வளவு அருகில் வேண்டுமென்றாலும் போகலாம். அந்த ஒன்றுதான் எல்லை.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். என் நெல் 17.4 காட்டியது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த 0.4 என் குற்றமா? – விவசாயி, திருத்துறைப்பூண்டி

உங்கள் குற்றம் இல்லை. அது பிழையாகவும் இருக்கலாம். ஈர நெல் கிடங்கில் சூடேறிப் பூசணம் பிடித்து நிறம் மாறும் என்பதால் ஒரு வரம்பு வேண்டியதுதான். ஆனால் 17 என்பது இயற்கை கிழித்த கோடு அன்று. மழை மிகுந்த சில ஆண்டுகளில் அரசே அதைத் தளர்த்தியிருக்கிறது. மேலும், நிலையத்தில் உள்ள கைக்கருவி தண்ணீரை நேரே அளப்பதில்லை. நெல்லின் மின்தன்மையை அளந்து அதை ஈரப்பதமாக மாற்றிக் காட்டுகிறது. நெல்லின் சூடு, பதர், கருவிக்குள் நிரப்பிய விதம் ஆகியவற்றால் எண் சற்று ஏறியும் இறங்கியும் வரும். ஆகவே ஒரு கைப்பிடியைக் கொண்டு 0.4 வேறுபாட்டைத் தீர்மானிப்பது முறையன்று. களத்துச் சூட்டோடு அளக்கவிடாமல், நெல்லை நிழலில் ஆறவிட்டு, குவியலின் மேல், நடு, அடி என மூன்று இடங்களிலிருந்து எடுத்து அளக்கச் சொல்லுங்கள். மூன்றும் 17ஐத் தாண்டினால் இன்னொரு நாள் வெயிலில் காயப்போடுவதைத் தவிர வேறு வழியில்லை.