காலையில் மட்டும் திணறும் ஸ்லட்ஜ் பம்ப்

கேள்வி: எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் திக்கனர் தொட்டியில் கசடை (ஸ்லட்ஜ்) 3 சதவீதத் திடப்பொருளிலிருந்து 5 சதவீதமாகக் கெட்டியாக்கினோம். அன்றிலிருந்து ஸ்க்ரூ பம்ப் தினமும் காலையில் திணறுகிறது. கொஞ்ச நேரம் ஓடினால் சரியாகிவிடுகிறது. பெரிய மோட்டார் போடலாமா?

பதில்: மோட்டாருக்குச் செலவு செய்யாதீர்கள். உங்கள் கசடு இரவில் இறுகிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கசடுத் துகள்களைப் பாக்டீரியாக்கள் சுரக்கும் பசை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கிறது. ஓரளவு விசை கொடுக்கும்வரை அது அசையவே அசையாது. அந்தப் பிணைப்பு அறுந்ததும் ஓடும், கலக்கக் கலக்க இளகும். சும்மா விட்டால் திரும்பவும் இறுகும். 3 சதவீதம் 5 ஆனால் தடையும் அதே விகிதத்தில்தான் கூடும் என்று நினைக்க வேண்டாம். பல மடங்கு ஏறிவிடும்.

சிக்கல் பெரும்பாலும் உறிஞ்சும் பக்கத்தில்தான். அங்கே கசடைத் தள்ளிவிடுவது வளிமண்டல அழுத்தமும் திக்கனரின் நீர்மட்டமும் மட்டுமே. மோட்டார் எவ்வளவு பெரிதானாலும் அந்த அழுத்தம் அதிகமாகாது. கசடு வந்து சேராமல் ரோட்டார் (பம்புக்குள் சுழலும் திருகு) வறண்டு சுற்றினால், அதைச் சுற்றியுள்ள ஸ்டேட்டர் உறையின் ரப்பர் சில நிமிடங்களில் கருகிவிடும். வேகத்தைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசம்.

அப்புறம், 'சரியாகிவிடுகிறது' என்கிறீர்களே, அதை நான் அப்படியே நம்ப மாட்டேன். கெட்டிக் கசடு நகராமல் நிற்க, மேலே இருக்கும் தண்ணீர் அதில் ஓட்டை போட்டுக்கொண்டு பம்புக்கு இறங்குவது உண்டு. பம்ப் சத்தமில்லாமல் ஓடும், ஆனால் போவது தண்ணீர். ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து வெளியேற்றுக் குழாயில் மாதிரி எடுத்துத் திடப்பொருளைப் பாருங்கள்.

இரவில் நிறுத்தும்போது குழாயைச் சுத்திகரித்த நீரால் கழுவிவிடுங்கள். அல்லது டைமர் வைத்து இரவிலும் அவ்வப்போது சில நிமிடம் ஓட விடுங்கள். திக்கனரின் ரேக்கை (கசடை மெல்லக் கிளறும் கை) நிறுத்தவே வேண்டாம். வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) இருந்தால் மெதுவாகத் தொடங்குங்கள்.

இறுக்கத்தை அளக்க ஆய்வகம் தேவையில்லை. பத்து சென்டிமீட்டர் பி.வி.சி. குழாய்த் துண்டைக் கண்ணாடித் தகட்டில் நிறுத்தி, கசடை நிரப்பி, குழாயை நேராக மேலே தூக்குங்கள். குவியல் எவ்வளவு தாழ்ந்தது என்று அளவுகோலால் பாருங்கள். கலக்கிய உடனே ஒரு முறை, ஒரு மணி நேரம் அசையாமல் விட்டு ஒரு முறை. இரண்டாவது குவியல் அவ்வளவாகத் தாழாமல் நின்றால், காலையில் பம்ப் படும் பாடு அதுதான்.

இவையெல்லாம் செய்தும் திணறினால் 4 சதவீதத்தோடு நிறுத்துங்கள். 5 சதவீதத்தில் கசடின் கன அளவு 40 சதவீதம் குறைகிறது, 4-இல் 25. அந்த வித்தியாசத்துக்காக ஸ்டேட்டரைப் பலி கொடுக்க வேண்டியதில்லை.