ரீடிங் எடுக்கிறது யாரு? பிசிக்ஸ் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல பொம்பளப் புள்ளைங்க பிசிக்ஸ் படிக்கிறதப் பத்திதான், அதனால அதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

பொண்ணுங்களுக்கு பிசிக்ஸ் ஏறாதுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க, நெசமா? (தொண்டி)

இல்ல. சொன்னவங்கள ப்ளஸ் டூ ரிசல்ட் வர்ற அன்னைக்கு பேப்பர் பாக்கச் சொல்லுங்க, வருஷா வருஷம் தேர்ச்சில யாரு முன்னாடின்னு தெரியும்.

என் மக பிசிக்ஸ்ல ரொம்ப வீக், என்ன பண்ணலாம்? (தங்கச்சிமடம்)

எந்த கிளாஸ், எந்தப் பாடம், கணக்கு வரலையா தியரி வரலையா, ஒண்ணுமே எழுதாம வீக்குன்னா நான் எதுக்குப் பதில் சொல்ல? அவ கடைசியா எழுதுன பரிட்சைப் பேப்பர எடுத்து எந்தக் கேள்வில மார்க் போச்சுன்னு அவளையே எழுதச் சொல்லி அனுப்புங்க.

அமெரிக்காவுல டெஸ்ட் வச்சப்பகூட ஆம்பளைங்கதான் கூட எடுத்தாங்கன்னு படிச்சேன், அப்போ மூளை வித்தியாசம்தானே? (ராமநாதபுரம்)

பாதிய மட்டும் படிச்சிருக்கீங்க. விசை, இயக்கம் பத்தி ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரின்னு 1992-ல வந்த டெஸ்ட், இப்ப 30 கேள்வி. அங்க காலேஜ்கள்ல ஆம்பளைங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் நடுவுல சராசரியா பத்து சதவீதத்துக்கு மேல இடைவெளி வந்தது உண்மைதான். ஆனா ஹார்வர்டுல பிசிக்ஸ் பேராசிரியர் எரிக் மஸூரோட குழு, படிக்கிறவங்கள பக்கத்துல உள்ளவங்களோட பேசி வாதம் பண்ணி கத்துக்க விட்டதும் அது நல்லா சுருங்கிருச்சுன்னு 2006-ல எழுதுனாங்க. கொலராடோ யுனிவர்சிட்டில அதே மாதிரி செஞ்சும் முழுசா மூடல. அப்புறம் அந்த டெஸ்ட்லயே சில கேள்வி பொண்ணுங்களுக்குப் பாதகமா இருக்குன்னு வேற கண்டுபிடிச்சாங்க. சொல்லித்தர்ற விதம் மாறுனா கூடிக் குறையுற ஒண்ண மூளைன்னு எப்படிச் சொல்றீங்க? எப்பவும் சொல்றதுதான், சராசரிய வச்சு ஒரு புள்ளைய எடை போடாதீங்க.

லேப்ல பசங்கதான் கனெக்‌ஷன் குடுக்குறாங்க, என் கையெழுத்து நல்லாருக்குன்னு என்னைய ரெக்கார்டு எழுத விட்டுடுறாங்க. தப்பா சார்? (ப்ளஸ் டூ மாணவி, தேவிபட்டினம்)

தப்புதான் தாயி, பெரிய தப்பு, நான் லேப்ல நின்ன காலம் முழுக்க சண்டை போட்டது இதுக்குத்தான். நாலு பேரு குரூப்ல ரெண்டு பையன் மீட்டர் பிரிட்ஜ (ஒரு மீட்டர் கம்பிய வச்சு மின்தடை அளக்குற கருவி) தொடுவான், பொண்ணு டேபிள் கோடு போடும், வருஷக் கடைசியில ப்ராக்டிகல் மார்க்க எல்லாருக்கும் குடுத்து அனுப்பிருவாங்க, மார்க்க பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனா ஜாக்கிய, அதாவது கம்பியத் தொடுற முனைய, கம்பியில வச்சு மீட்டர் முள்ளு இந்தப் பக்கம் போகுது அந்தப் பக்கம் போகுது, நடுவுல எங்கயோ பூஜ்ஜியம் இருக்குன்னு விரல்ல உணர்ந்த புள்ளைக்கும், 48.5 செ.மீ.ன்னு பக்கத்துல இருக்கவன் சொல்லச் சொல்ல எழுதுன புள்ளைக்கும் அறிவு ஒண்ணாவா இருக்கும்? காலேஜ் போயி சர்க்யூட்டுன்னாலே பயமா இருக்குன்னு அழுவுறது இங்க ஆரம்பிச்சதுதான். வீட்டுலயும் இதே கதை, ஃபியூஸ் போனா தம்பியத்தான் கூப்பிடுறோம். அன்னா மணி, சென்னை பிரசிடென்சி காலேஜ்ல பிசிக்ஸ் படிச்சவங்க, சி.வி. ராமன் லேப்ல வேலை செஞ்சவங்க, அப்புறம் வானிலைத் துறையில காத்து, வெயில், ஓசோன் அளக்குற கருவிங்கள நம்ம நாட்டுலயே செய்ய வச்சவங்க. கருவியத் தொடாம அதெல்லாம் நடக்குமா? நாளைக்கே சார்கிட்ட கேளு, ஒவ்வொரு எக்ஸ்பெரிமென்ட்டுக்கும் ஆள் மாத்தணும், ஒரு தடவை ரீடிங் எடுத்தவங்க அடுத்த தடவை எழுதணும். காந்த முள்ளு திரும்புறத வச்சு கரண்ட் அளக்குற டேன்ஜென்ட் கால்வனாமீட்டர் உன் கைக்கு வந்தா செல்போன தூர வை, முள்ளு 30-லருந்து 60 டிகிரிக்குள்ள நிக்கட்டும். மீட்டர் பிரிட்ஜ்ல ஜாக்கிய தேய்க்காத, தொட்டு எடு.

நான் கடல்பாசி எடுக்கப் போறவ, படிக்கல. மகளுக்கு பிசிக்ஸ்ல நான் எப்படி ஒத்தாசை பண்றது? (பாம்பன், மக எழுதியது)

அம்மா, மாஸ்க் போட்டு முங்குனா பாசி கிட்டக்கத் தெரியும், கைய நீட்டுனா எட்டாதுல்ல? தண்ணிக்குள்ள தூரம் முக்கால்வாசியாத்தான் தெரியும், அதுதான் ஒளிவிலகல். கீழ போகப் போக காது அடைக்கிறது அழுத்தம், பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் கூடும். நீங்க கண்டத மககிட்ட சொல்லுங்க, அது எந்தப் பாடம்னு அவ புக்குல தேடிக் காட்டட்டும்.

நீட்ல நெகட்டிவ் மார்க்குக்குப் பயந்து நிறைய விட்டுட்டு வர்றா. (கீழக்கரை, ஒரு உம்மா)

நெகட்டிவ் மார்க் இருந்தா பொண்ணுங்க கூடுதலா விட்டுடுறாங்கன்னு ஆய்வுகள்லயே இருக்கு. சரின்னா 4, தப்புன்னா 1 போகும். ரெண்டு ஆப்ஷன அடிச்சுட்டா மிச்ச ரெண்டுல ஒண்ண கண்டிப்பா போடணும், கணக்குப்படி சராசரியா ஒண்ணரை மார்க் லாபம்.

காந்தப் புலத்தோட திசைய விரல வச்சுக் கண்டுபிடிக்கிற வலது கை விதி எப்பவும் தப்பாவே வருது, பொண்ணுங்களுக்கு படம் கற்பனை பண்ண வராதுங்கறாங்களே? (மண்டபம்)

உருவத்த மனசுல திருப்பிப் பாக்குறதுல சராசரி வித்தியாசம் இருக்கு, பழகுனா ஏறும், அமெரிக்காவுல மிச்சிகன் டெக் யுனிவர்சிட்டில ஷெரில் சோர்பி 1993-லருந்து இதுக்குன்னே பாடம் நடத்திக் காட்டியிருக்காங்க. திரும்பவும், சராசரிய வச்சு உன்னைய எடை போடாத. உன் தப்பு வேற எதுவாவும் இருக்கலாம்: வலது கையில பேனா இருக்கும்போது அவசரத்துல இடது கையத் தூக்கிடுவீங்க. பேனாவ கீழ வச்சுட்டு செய்.