மைனஸில் வந்த டர்பைன்

அன்புள்ள ஐயா,

இயந்திரவியல் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் கொடுத்த கணக்கு இது: நீராவி 3 மெகாபாஸ்கல், 400 டிகிரி செல்சியஸில், வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் டர்பைனுக்குள் போகிறது. 10 கிலோபாஸ்கலில், உலர் பின்னம் (ஆவியாக இருக்கும் பங்கு) 0.9 ஆக, 180 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. வினாடிக்கு 5 கிலோ. வெப்ப இழப்பு இல்லை. எனக்குத் திறன் மைனஸ் 67,565 கிலோவாட் வருகிறது. மூன்று முறை போட்டும் அதேதான். இன்னொரு சந்தேகம்: ஃபிரிட்ஜில் அழுத்தத்தைக் குறைக்கும் மெல்லிய கேப்பிலரி குழாயில் என்தால்பி (உள் ஆற்றலும், அழுத்தம் × பருமனும் சேர்ந்தது) மாறாது என்கிறார்கள். பிறகு குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது?

ஒரு மாணவர்

அன்புள்ள மாணவருக்கு,

உங்கள் சமன்பாடு (திறன் = வினாடிக்கான நிறை × [என்தால்பி இறக்கம் − இயக்க ஆற்றல் ஏற்றம்]) சரி, அலகில்தான் இடறியிருக்கிறீர்கள். அட்டவணையில் என்தால்பி கிலோஜூலில் இருக்கிறது. வேகத்தின் வர்க்கத்தில் பாதி ஜூலில் வரும். 180-இன் வர்க்கத்தில் 60-இன் வர்க்கத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் 14,400. அதை 1000-ஆல் வகுத்து 14.4 கிலோஜூல் ஆக்காமல் அப்படியே கழித்துவிட்டீர்கள். உள்ளே என்தால்பி 3231.7. வெளியே திரவத்துக்கு 191.8, ஆவியாதலுக்கு 2392.1 என்பதால் 191.8 + 0.9 × 2392.1 = 2344.7. வித்தியாசம் 887. அதில் 14.4 போக 872.6. ஐந்தால் பெருக்கினால் 4363 கிலோவாட்.

டர்பைனுக்கு மைனஸ் வந்தால், வேலை தரவேண்டிய இயந்திரம் வேலையை வாங்குகிறது என்று பொருள். அங்கேயே பேனாவை நிறுத்திவிட வேண்டும். ஓர் அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கிலோவுக்கு ஒரு கிலோஜூல் இயக்க ஆற்றல் வேண்டுமென்றால் வேகம் வினாடிக்குச் சுமார் 45 மீட்டர் இருக்க வேண்டும். உயரமோ அதைவிட அற்பம். பத்து மீட்டர் இறங்கினாலும் 0.1 கிலோஜூல்தான். அதனால் பல கணக்குகளில் இவற்றை விட்டுவிடுவார்கள். ஆனால் நாசிலில் (வேகத்தைக் கூட்டும் குழாயில்) இந்த வழக்கம் தலைகீழ். அங்கே தண்டும் இல்லை, வேலையும் இல்லை. என்தால்பி 100 கிலோஜூல் இறங்கினால், மெதுவாக நுழைந்த நீராவி வினாடிக்கு 447 மீட்டரில் பாய்கிறது. இயக்க ஆற்றலை விட்டுவிட்டால் நாசில் கணக்கில் எதுவுமே மிஞ்சாது.

குழாயின் அளவையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நுழையும் நீராவியின் பருமன் கிலோவுக்கு 0.0994 கன மீட்டர். 60 மீட்டர் வேகத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் விட்டம் போதும். வெளியே அதே ஒரு கிலோ சுமார் 13.2 கன மீட்டராக விரிந்திருக்கிறது. வேகம் மும்மடங்கு ஆன பிறகும் 68 சென்டிமீட்டர் விட்டம் தேவை. டர்பைனின் கடைசி வரிசை இறக்கைகள் ஏன் அவ்வளவு நீளம் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

கேப்பிலரிக்கு வருவோம். குழாயைச் சுற்றி ஒரு எல்லை வரைந்து, அதைக் கடப்பது எது என்று பாருங்கள். தண்டு கடக்கவில்லை. வெப்பம் ஏறத்தாழ கடக்கவில்லை. வேகமும் பெரிதாக மாறவில்லை. எனவே என்தால்பி சமம். என்தால்பி சமம் என்றால் வெப்பநிலையும் சமம் என்று எடுத்துக்கொண்டதுதான் உங்கள் குழப்பம். அது இலட்சிய வாயுவுக்கு மட்டுமே பொருந்தும். ஃபிரிட்ஜின் குளிர்பொருளான ஆர்-134ஏ 0.8 மெகாபாஸ்கலில் பூரித திரவமாக (கொதிக்கும் நிலையில் உள்ள திரவமாக), 31.3 டிகிரியில், கிலோவுக்கு 95.47 கிலோஜூலோடு நுழைகிறது. 0.14 மெகாபாஸ்கலில் திரவத்தின் என்தால்பி 27.08, ஆவியாதலுக்கு 212.08. கழித்து வகுத்தால் உலர் பின்னம் 0.32. அதாவது மூன்றில் ஒரு பங்கு குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது. அதற்கான வெப்பத்தை வெளியிலிருந்து யாரும் தரவில்லை. மீதித் திரவமே தருகிறது. அதனால்தான் கலவை மைனஸ் 18.8 டிகிரிக்கு இறங்குகிறது. ஆனால் உள்ளே சாமான்களைக் குளிர்விக்கப் பயன்படுவது மிஞ்சிய திரவம் மட்டுமே. கண்டென்சரில் (ஆவியைத் திரவமாக்கும் பகுதியில்) திரவத்தை இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குளிர்வித்து அனுப்பினால், இந்த வீணாகும் ஆவி குறையும்.

இரண்டு எச்சரிக்கைகள். இந்தச் சமன்பாடு எல்லைக்குள் இருக்கும் நிறையும் ஆற்றலும் நேரத்தோடு மாறாதபோதுதான் செல்லும். டர்பைனைச் சூடேற்றிக் கிளப்பும்போது உறையின் இரும்பே வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அப்போது இதைப் போடக்கூடாது. அடுத்தது, ஆர்-134ஏ அட்டவணைகள் ஒரே அடிப்படையில் இருப்பதில்லை. மேலே உள்ள எண்கள் மைனஸ் 40 டிகிரியில் திரவத்தின் என்தால்பி சுழி என்று வைத்தவை. வேறு சில 0 டிகிரியில் 200 என்று தொடங்கும். நுழைவுக்கு ஒன்றையும் வெளியேற்றத்துக்கு இன்னொன்றையும் பார்த்தால் உலர் பின்னமே மைனஸிலோ ஒன்றுக்கு மேலோ போய்விடும்.