வேலூர் ஜோடி ஒன்று பாய்ப்படகில் கிளம்புகிறது: கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

சத்துவாச்சாரியில் இருக்கும் ஒரு கணவனும் மனைவியும் பிப்ரவரி கடைசியில் 26 அடி பாய்ப்படகில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கரையோரமாகப் போகப்போகிறார்கள். இரண்டு வருடமாக விடுமுறைக்கு விடுமுறை என்னோடு கடலுக்கு வந்து பழகியவர்கள். நான் கணியம்பாடிப் பக்கம், கடற்படையில் 15 வருடம் இருந்தேன், அதற்கப்புறம் என் மனைவியோடு இதே வழியில் பலமுறை பாய் விரித்துப் போய் வந்திருக்கிறேன். விஷயம் வெளியே தெரிந்ததும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன, ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, பஸ்ஸில் மூன்று நாலு மணி நேரத்தில் போகிற ஊருக்குப் படகில் எவ்வளவு நேரம்?

கடல் வழியே சுமார் 75 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். மணிக்கு நாலரைக் கடல் மைல் போனால் நல்ல வேகம், அதாவது சைக்கிளை விடவும் மெதுவாக. பதினாறு, பதினேழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் மதியம் 3 மணிக்குக் கிளம்பச் சொல்லியிருக்கிறேன். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் பெரிய கப்பல்களை வெளிச்சத்திலேயே தாண்டிவிடலாம், மறுநாள் காலை 8 மணி வாக்கில் புதுச்சேரி. தெரியாத முகத்துவாரத்தில் ராத்திரியில் நுழையவே கூடாது, அதிலும் புதுச்சேரியில் மணல் மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே உள்ள மீனவர்களிடம் கேட்டு, கடல் நீர் ஏறும் நேரம் பார்த்து நுழைய வேண்டும்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர்: ஏன் பிப்ரவரி?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம், பேச்சே இல்லை. பொங்கல் கழிந்து கடல் மெல்ல அடங்கும். பிப்ரவரியில் வாடைக் காற்று மிதமாக வடகிழக்கிலிருந்து வரும், தெற்கே போகிறவனுக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி. ஒரு மாதம் புதுச்சேரியில் படகை விட்டுவிட்டு மார்ச் கடைசியில் எடுத்தால் காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கியிருக்கும், நீரோட்டமும் வடக்குப் பார்த்து ஓடும், திரும்பி வருவது சுலபம். அதற்கும் மேல் ஹைதராபாத்திலிருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் தருகிற கடல் நிலை முன்னறிவிப்பைத் தினமும் பார்க்க வேண்டும். காற்று மணிக்கு 15 கடல் மைலுக்கு மேல், அலை ஒன்றரை மீட்டருக்கு மேல் என்று போட்டிருந்தால் அன்றைக்கு இல்லை. துறைமுகத்தில் 1-ம் எண் கூண்டு ஏற்றினாலே லீவு முடிந்தாலும் சரி, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

குடியாத்தத்திலிருந்து: படகு கவிழ்ந்தால்?

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைதான். இந்த மாதிரிப் படகின் வயிற்றுக்கு அடியில் கனமான துடுப்பு போல ஒன்று நீருக்குள் நிற்கும், கீல் என்போம், படகின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அதிலேயே இருக்கும். பாய் காற்றில் சாய்ந்தாலும் அது இழுத்து நிமிர்த்தும். சாய்ந்து ஓடுவதைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு, அடுத்த கேள்வியில் வருகிறது.

ஆற்காட்டிலிருந்து ஓர் அம்மா: போகிறவள் என் அக்கா மகள். அவளுக்குக் கிணற்று நீச்சல்தான் தெரியும். மாப்பிள்ளை இருக்கிறார் என்று தைரியமாக இருக்கலாமா சார்?

அம்மா, மாப்பிள்ளை இருக்கிறார் என்று இருக்க வேண்டாம். அவள் இருக்கிறாள் என்று தைரியமாக இருங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கிக் கிடக்கும் நீளக் கட்டைக்கு பூம் என்று பெயர். பின்காற்றில் போகும்போது அது ஒரு பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுக்கான் பிடிப்பவர் கொஞ்சம் அசந்து, காற்று பாயின் மறுபுறம் புகுந்துவிட்டால் அந்தக் கட்டை ஒரு நொடியில் படகின் குறுக்கே வீசிக்கொண்டு மறுபக்கம் போகும். சில வருடங்களுக்கு முன் மாமல்லபுரத்துக்குத் தெற்கே அப்படி வீசியது என் தோளில் பட்டது. எலும்பு விலகி, கை தூக்க முடியவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தப்பு என்னுடையது, கட்டையை முன்பக்கம் இழுத்துக் கட்டும் கயிற்றைப் போடாமல் விட்டிருந்தேன். என் மனைவி வாலாஜாவில் பிறந்தவள், கல்யாணத்துக்கு முன் கடலை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள். பெரிய பாயை இறக்கி, முன்பாயை மட்டும் வைத்து, ரேடியோவில் நிலைமையைச் சொல்லிவிட்டு, ஏழு மணி நேரம் ஒற்றை ஆளாகச் சுக்கான் பிடித்து என்னைச் சென்னையில் கொண்டு சேர்த்தாள். அவள் வெறுமனே கூட வந்தவளாக இருந்திருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு நான் வைத்த பரீட்சை ஒன்றுதான். ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு வாயை மூடி உட்கார வேண்டும், இன்னொருவர் பாய் ஏற்றி, வெளியே போய், தண்ணீரில் நான் வீசிய குடத்தைத் தேடித் திரும்பி எடுத்து, படகைக் கட்டுகிற வரை எல்லாம் தனியாகச் செய்ய வேண்டும். அந்தக் குடம் தண்ணீரில் விழுந்த கணவன் அல்லது மனைவி என்று நினைத்துக்கொள்ளச் சொன்னேன். உங்கள் அக்கா மகள் ஐந்து தடவையில் ஐந்து தடவையும் எடுத்தாள். மாப்பிள்ளை முதலில் இரண்டு தடவை விட்டார், அப்புறம் சரியாகிவிட்டார். இருவரும் ராத்திரியில் உடம்பில் கட்டிய பாதுகாப்பு வாரைக் கழற்றவே மாட்டார்கள், அது படகின் நீளத்துக்கு ஓடும் பட்டையில் கொக்கி போட்டிருக்கும். நீச்சல் இரண்டாம் பட்சம்தான் அம்மா, தண்ணீரில் விழாமல் இருப்பதுதான் முதல் வேலை.

வேலப்பாடியிலிருந்து: இரண்டே பேர், ராத்திரி தூக்கம்?

மூன்று மணி நேரம் ஒருவர், மூன்று மணி நேரம் மற்றவர். நம்ம கடற்படையின் தாரிணி படகில் தில்னா, ரூபா என்ற இரண்டு பெண் அதிகாரிகள் 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவிலிருந்து கிளம்பி உலகத்தையே சுற்றி 2025 மே 29-ம் தேதி திரும்பினார்கள். ரூபா புதுச்சேரிப் பெண். 56 அடிப் படகு, எட்டு மாதம், இரண்டே பேர். முறை வைத்துத் தூங்கினால் ஓர் ராத்திரி ஒன்றும் செய்யாது. ஆனால் தூங்கப் போகிறவர் நிஜமாகவே தூங்க வேண்டும், எட்டி எட்டிப் பார்த்து யோசனை சொல்லக் கூடாது. புதுசாகப் போகும் கணவன்மார்கள் இதைத்தான் செய்வார்கள்.

பேரணாம்பட்டிலிருந்து: வாந்தி வருமே? சாப்பாடு?

டாக்டரைக் கேட்டு மாத்திரையை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். சிலருக்கு அது கண்ணைச் செருகும், கடலில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை. சாப்பாட்டுக்குப் புளிச்சாதம், பொரி, வாழைப்பழம். எங்கள் வீட்டில் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயில் தொக்கு செய்து தருவார்கள், அது இல்லாமல் நான் நங்கூரம் எடுத்ததில்லை. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், ஒரு நாள் பயணத்துக்கு மூன்று நாள் கணக்கு, ஆக 24 லிட்டர்.

அணைக்கட்டிலிருந்து: மீன்வலையில் மாட்டினால்?

ராத்திரியில் எனக்கு இருக்கும் பெரிய கவலை அதுதான். கரையிலிருந்து ஐந்தாறு கடல் மைல் தள்ளியே போகச் சொல்லியிருக்கிறேன், கல்பாக்கம் அணுமின் நிலையப் பக்கம் நெருங்கவும் கூடாது. பாயில் போகும்வரை வலை பெரும்பாலும் அடியில் வழுக்கிவிடும், இன்ஜின் ஓடினால்தான் அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொள்ளும். அது மீனவரின் சோறு. முடிந்தவரை அறுக்காமல் எடுங்கள், பக்கத்தில் படகு இருந்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள், வந்து உதவுவார்கள்.

திருவலத்திலிருந்து: ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது?

வி.எச்.எஃப். ரேடியோவில் சேனல் 16. செல்போன் எடுத்தால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. கிளம்பும்போதே எங்கே போகிறோம், எப்போது சேருவோம் என்று துறைமுகத்திலும் குழுமத்திலும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

ஆம்பூரிலிருந்து: ராமேஸ்வரம் வரை போகக் கூடாதா?

போகலாம், இந்த வருடம் வேண்டாம். கோடியக்கரை தாண்டினால் பாக் நீரிணை, ஆழம் குறைவு, எல்லைக் கோடும் பக்கத்திலேயே ஓடுகிறது. முதலில் ஒரு ராத்திரி பழகட்டும்.

பள்ளிகொண்டாவிலிருந்து ஒரு பெரியவர்: நம்ம பாலாறு கடலில் சேருகிற இடத்தைப் பார்ப்பார்களா?

ஐயா, இந்தக் கேள்வி கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம்தான் பாலாற்று முகத்துவாரம். போகும்போது நள்ளிரவில் தாண்டுவார்கள், ஒன்றும் தெரியாது. ஆனால் திரும்பும்போது பொழுது சாய்வதற்குள் புதுச்சேரி முகத்துவாரத்தை விட்டு வெளியே வந்து நங்கூரம் போட்டு, சாப்பிட்டு, ராத்திரி 10 மணிக்குப் பாய் விரித்தால் விடியும் நேரத்துக்கு வயலூர் நேரே வரும். கொஞ்சம் கரைப்பக்கம் ஒதுங்கிப் பார்க்கலாம், அப்புறமும் மாலைக்குள் சென்னை. அப்படியே மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன், அந்த நேரத்தில் சுக்கான் அந்தப் பெண்ணின் முறை.