கைமருந்து: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு வயது. ஒரு வாரமாகக் கண்ணும் சிறுநீரும் மஞ்சளாக இருக்கின்றன. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறது. வீட்டுப் பெரியவர்கள் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்து, உப்பும் எண்ணெயும் இல்லாமல் பத்தியம் இருக்கச் சொல்கிறார்கள். இதுவே போதுமா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: போதாது. கீழாநெல்லியைத் தேடிப் போகுமுன் இரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். இரத்தத்தில் பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் கூடியிருக்கிறது என்பதை மட்டுமே மஞ்சள் நிறம் காட்டுகிறது. அது ஏன் கூடியது என்பதற்கு வைரஸ் தொற்று, பித்தநாளத்தில் அடைத்துக்கொண்ட கல், மதுவால் கெட்ட கல்லீரல், சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைதல், உட்கொண்ட மருந்தின் தீங்கு என்று பல காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. கல் அடைத்த காமாலைக்கு எத்தனை கட்டு கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்தாலும் அடைப்பு நீங்காது.

தங்கள் மகனின் வயதில் பெரும்பாலும் வருவது அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ. இந்த வைரஸால் வரும் காமாலை, பெரும்பாலானவர்களுக்கு எந்த மருந்தும் இன்றி இரண்டு மாதங்களுக்குள் தானாகவே தணிந்துவிடும். கீழாநெல்லி கொடுத்த வீட்டிலும் கொடுக்காத வீட்டிலும் நோய் ஏறத்தாழ ஒரே காலத்தில் இறங்குவதால், செடிக்குக் கிடைத்திருக்கும் புகழில் ஒரு பங்கு உடம்புக்கே உரியது என்பது என் கருத்து.

அதற்காக இதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைட்டிஸ் பி வைரஸை நெடுநாளாக உடலில் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியைக் கொடுத்துச் செய்த ஆய்வு 1988இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. பொடி உண்டவர்கள் 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் அந்த வைரஸின் மேற்புற அடையாளம் மறைந்திருந்ததாக அது கூறியது. உலகமே இந்தச் செடியைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் மீண்டும் கிடைக்கவில்லை. எனவே ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள் கீழாநெல்லியை நம்பி இன்றைய வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளைத் தள்ளிப்போடக் கூடாது.

பரிசோதனை முடிந்து, ஓய்வே போதும் என்று மருத்துவர் சொன்ன பிறகு, வேரோடு பிடுங்கிக் கழுவிய செடியை அரைத்து நெல்லிக்காய் அளவு விழுதை மோரில் கலந்து சில நாள் காலையில் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. செடியைப் பறிக்கும்போது காம்பைத் திருப்பிப் பாருங்கள். இலைக்காம்பின் அடிப்புறத்தில் கடுகைவிடச் சற்றே பெரிய பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்க வேண்டும். மென்றால் நன்றாகக் கசக்க வேண்டும்.

உப்பில்லாப் பத்தியம் தேவையில்லை. குமட்டலோடு இருக்கும் பிள்ளைக்கு உப்பையும் நிறுத்தினால் அவன் உண்பது இன்னும் குறையும். இட்லி, கஞ்சி, பருப்புச் சாதம், மோர் என்று வயிறு ஏற்பதைக் கொடுங்கள். காமாலைக்கு நல்லது என்று தெருவோரக் கரும்புச் சாற்றைப் பனிக்கட்டி போட்டு வாங்கிக் கொடுக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. நோயைக் கொண்டுவந்ததே அப்படிப்பட்ட பனிக்கட்டியாக இருக்கக்கூடும். தூக்கக் கலக்கம், பேச்சுத் தடுமாற்றம், நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மலம் வெளுத்து, உடம்பெங்கும் அரிப்பும் இருந்தால் பித்தநாள அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். கருவுற்ற பெண்ணுக்குக் காமாலை கண்டால் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை. ஹெபடைட்டிஸ் இ கடைசி மாதங்களில் தாயின் உயிருக்கே ஆபத்தானது.

கேள்வி: மழைக்காலம் தொடங்கினால் எனக்குச் சளியும் இருமலும் பிடித்துக்கொள்ளும். கொல்லையில் உள்ள ஆடாதோடையில் கஷாயம் வைத்து, அதிமதுரமும் சேர்த்துக் குடித்து வருகிறேன். தொடர்ந்து குடிக்கலாமா? கருவுற்றிருக்கும் என் மனைவிக்கும் கொடுக்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: தங்கள் மனைவிக்குக் கட்டாயம் கொடுக்காதீர்கள். ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்னும் பொருள் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உடையது.

சளியை இளக்கி வெளியேற்றுவதில் இந்த இலைக்கு உண்மையான பலம் உண்டு. மருந்துக் கடைகளில் கிடைக்கும் பல இருமல் மருந்துகளில் உள்ள ப்ரோம்ஹெக்சின், வாசிசினை மாதிரியாகக் கொண்டு ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டதே. இன்னொரு இருமல் மருந்தான ஆம்ப்ராக்சால் அந்த ப்ரோம்ஹெக்சினிலிருந்து வந்தது. நம் கொல்லை வேலிக்கும் ஆங்கில மருந்துக்கும் இவ்வளவு நேரான உறவு அமைவது அபூர்வம். முற்றிய இலை இரண்டை நடுநரம்பு நீக்கிக் கிள்ளிப் போட்டு, தட்டிய மிளகு நான்கைந்து சேர்த்து, இரண்டு தம்ளர் நீர் அரைத் தம்ளராகச் சுண்டும்வரை காய்ச்சி, இறக்கி ஆறியபின் தேன் கலந்து குடிக்கலாம். கசப்பு நாக்கில் வெகுநேரம் நிற்கும். நான்கைந்து நாட்களுக்கு இது போதும். மாதக்கணக்கில் குடிப்பதற்கு உரியதன்று.

அதிமதுரம் இருமலுக்கு இதமானதுதான். ஆனால் அதில் உள்ள கிளிசிரைசின் நாள்தோறும் உடலில் சேர்ந்தால் இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். தங்களுக்கு இரத்தக் கொதிப்பு இருந்தால் அதிமதுரத்தை விட்டுவிடுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் கஷாயத்தை மாற்றிப் பார்ப்பதை நிறுத்தி, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய்க்கான அந்தப் பரிசோதனையும் அதன் மருந்தும் இலவசம்.

கேள்வி: சோற்றுக்கற்றாழையை ஏழு முறை கழுவ வேண்டும் என்கிறார்களே, அவசியமா? (வாசகி, ஈரோடு)

பதில்: அவசியம்தான். மடலை வெட்டியதும் தோலுக்கும் சோற்றுக்கும் இடையிலிருந்து மஞ்சள் நிறப் பால் கசியும். அதிலுள்ள அலாயின் வயிற்றைப் பிடுங்கிப் பேதியாக்கும். வெட்டிய மடலை வெட்டுப்பக்கம் கீழாகச் சிறிது நேரம் நிறுத்தி வைத்து மஞ்சள் பாலை வடியவிட்டு, தோலைச் சீவி, சோற்றை வழுவழுப்பும் கசப்பும் குறையும்வரை கழுவுங்கள். ஏழு என்பது கணக்கு வைத்துக்கொள்ள உதவும் எண். ஆறில் கசப்பு போனாலும் சரி, ஒன்பதானாலும் சரி. கருவுற்றவர்களும் சிறுநீரக நோயாளிகளும் உட்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் தந்தைக்குப் பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சிறுகுறிஞ்சான் பொடியும் பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் எடுத்துக்கொள்வதால் மாத்திரையை நிறுத்தப் போவதாகச் சொல்கிறார். சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் இனிப்பே தெரியவில்லை, அவ்வளவு வீரியம் என்பது அவர் வாதம். (வாசகர், மதுரை)

பதில்: தங்கள் தந்தை கண்டது உண்மை, அதிலிருந்து அவர் எட்டிய முடிவுதான் தவறு. சிறுகுறிஞ்சான் இலையில் உள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தை மறைத்துக்கொள்கின்றன. அந்த இலையை நன்றாக மென்று துப்பிவிட்டு ஒரு சிட்டிகைச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைக் கடிப்பதுபோல் இருக்கும். கொஞ்ச நேரத்தில் சுவை திரும்பிவிடும். இது நாக்கில் நடப்பது. இனிப்பு தெரியாவிட்டாலும், விழுங்கிய சர்க்கரை இரத்தத்தில் போய்ச் சேரத்தான் செய்யும்.

வெந்தயத்தில் நிறைந்திருக்கும் கரையும் நார்ச்சத்து, உணவிலுள்ள மாவுச்சத்து இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. இரவு ஊறவைத்த வெந்தயத்தை உணவோடு உண்பது நல்ல பழக்கம். மாத்திரைக்கும் அதற்கும் இடையே ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். பாகற்காயைப் பொரியலாகவோ குழம்பாகவோ உண்பதற்குத் தடையில்லை. வெறும் வயிற்றில் தம்ளர் தம்ளராகச் சாறு குடித்துக்கொண்டே கிளிமிபிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொள்பவருக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து வியர்வை, நடுக்கம், படபடப்பு, மயக்கம் வரக்கூடும். அப்படி நேர்ந்தால், நினைவோடு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். சிறுகுறிஞ்சான் மென்ற வாயாக இருந்தால் அது இனிக்காது, இனிக்கவில்லை என்று நிறுத்திவிட வேண்டாம்.

மாத்திரையைக் குறைப்பதா என்பதை மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை வைத்து, மருந்து எழுதிய மருத்துவரே சொல்ல வேண்டும். உட்கொள்ளும் பொடிகள் எல்லாவற்றின் பெயரையும் அவரிடம் சொல்லத் தந்தையாரை வற்புறுத்துங்கள். திட்டுவார் என்று மறைப்பவர்களே அதிகம்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் விதைக்காகக் கண்வலிக்கிழங்கு பயிரிட்டிருக்கிறோம். மூட்டு வலிக்குக் கிழங்கை அரைத்துக் குடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். (வாசகர், தாராபுரம்)

பதில்: கூடவே கூடாது. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு இது. உயிரைப் பறித்த நேர்வுகள் பல. இதிலிருக்கும் கொல்கிசின் ஒருவகை மூட்டு வீக்கத்துக்கு மருந்தாவது உண்மைதான், ஆனால் ஒரு மாத்திரையில் அது அரை மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். ஒரு துண்டுக் கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று அரைப்பவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது. சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் தொடங்கி, அடுத்த நாட்களில் எலும்பு மஜ்ஜையும் சிறுநீரகமும் செயலிழக்கலாம். முறிவு மருந்து கிடையாது. யாராவது உட்கொண்டுவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் மீதிக் கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேள்வி: என் குழந்தைக்கு இரண்டு மாதம். மாலையானால் வீறிட்டு அழுகிறது. என் மாமியார் வசம்பைச் சுட்டுத் தாய்ப்பாலில் உரைத்து, தேனும் தொட்டு நாக்கில் தடவுகிறார். அவரை எப்படித் தடுப்பது என்று தெரியவில்லை. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: முதலில் தேனை நிறுத்துங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் பெருங்குடலில் முளைத்து, உறுப்புகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.

வசம்பு தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கப்பட்டதுதான். அதன் எண்ணெயில் உள்ள பீட்டா-அசரோன் எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியதால், அமெரிக்காவில் 1968இல் உணவில் வசம்பு சேர்ப்பது தடை செய்யப்பட்டது. விளக்கில் சுடும்போது எண்ணெயின் ஒரு பகுதி எரிந்துபோகலாம். கல்லில் உரைத்ததில் மீதி எவ்வளவு வந்தது என்று எவராலும் அளக்க முடியாது. ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதே பாதுகாப்பு.

மாமியாரை நேரடியாக மறுத்துப் பேசுவதைவிட, அவர் கைக்கு வேறு வேலை கொடுங்கள். பால் குடித்த பிறகு தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் விடச் செய்வதிலும், மாலையில் குப்புறக் கைமேல் கிடத்தித் தாலாட்டுவதிலும் அவருக்கு இருக்கும் பழக்கம் தங்களுக்கு இராது. இந்த வகை அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கும். குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும், பச்சையாக வாந்தி எடுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், பால் குடிக்க மறுத்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் குழந்தை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.