ஒரே குரு, இரு வகைக் குருத்துவம்

கேள்வி: திருமுழுக்குப் பெற்ற அனைவரும் குருக்களே என்று எங்கள் பங்கு ஆலய மறையுரையில் கேட்டேன். அப்படியானால் அருள்பொழிவு பெற்ற குருவுக்கு என்ன தனித்தன்மை? கிறிஸ்துவுக்குப் பின் வேறு குருவே தேவையில்லை என்கிறார் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த என் நண்பர். விளக்குங்கள், தந்தையே.

பதில்: உங்கள் நண்பரின் கூற்றில் மறுக்க முடியாத உண்மை ஒன்று இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன். இயேசு யூதா குலத்தில் பிறந்தவர், குருக்கள் வரும் லேவி குலத்தவர் அல்லர், ஆகவே மோசேயின் சட்டப்படி அவர் குருவாக இருக்க முடியாது. இந்தச் சிக்கலை உணர்ந்தே எபிரேயர் திருமடலின் ஆசிரியர், ஆபிரகாமுக்கு அப்பமும் இரசமும் கொண்டுவந்த சாலேம் அரசரும், லேவி குலம் தோன்றுமுன்பே குருவாக இருந்தவருமான மெல்கிசெதேக்கிடம் (தொடக்கநூல் 14) சென்று, கிறிஸ்துவின் குருத்துவம் பிறப்பால் வந்ததன்று என்று நிறுவுகிறார். எருசலேம் தலைமைக் குரு ஆண்டுதோறும் விலங்கின் இரத்தத்தோடு கோவிலின் உள்ளறையாகிய திருத்தூயகத்துக்குள் நுழைந்தார். கிறிஸ்துவோ தம்மையே பலியாக்கி ஒரே ஒரு முறை நுழைந்தார். அந்தப் பலிக்கு மேல் இன்னொரு பலி இல்லை. அவருக்குப் பதிலாக நிற்கும் குருவும் இல்லை.

அந்த ஒரே குருத்துவத்தில் திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் பங்கு பெறுகிறார். விடுதலைப் பயணம் 19:6 இஸ்ரயேலுக்குச் சொன்னதை 1 பேதுரு 2:9 திருச்சபைக்குச் சொல்கிறது: நீங்கள் அரச குருக்களின் கூட்டத்தினர். நோயுற்ற தாயின் அருகில் இரவெல்லாம் விழித்திருக்கும் மகள் தன் உடலையே உயிருள்ள பலியாகப் படைக்கிறாள் என்றால், அது வெறும் உவமை அன்று. உரோமையர் 12:1 கேட்பது அதைத்தான்.

இங்கே சொல் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய ஏற்பாடு சபைத் தலைவர்களை மூப்பர், கண்காணிப்பாளர் என்று அழைக்கிறதே தவிர, எவரையும் அவர் வகித்த சபைப் பொறுப்புக்காகக் குரு என்று அழைப்பதில்லை. தமிழ் விவிலியம் இந்த வேறுபாட்டைக் காக்கிறது. நம் அன்றாட வழக்கோ அந்த மூப்பரையே குரு என்கிறது. இவ்வழக்கு பழமையானது, நற்கருணையைப் பலியாகக் கண்டதால், 3-ஆம் நூற்றாண்டிலேயே கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் ஆயரைக் குரு என்றே குறிப்பிட்டார். குருக்கள் தனி ஆன்மிக வகுப்பினர் என்பதை 1520-இல் சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் மறுத்தார். குருத்துவம் ஓர் அருளடையாளமே, அதாவது இறையருளைத் தரும் திருச்சடங்கே என்று 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்தின் பொதுச்சங்கம் உறுதி செய்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல், திருமுழுக்குப் பெற்ற அனைவருக்கும் உரிய பொதுக் குருத்துவமும், அருள்பொழிவு பெற்றவர்களின் பணிக் குருத்துவமும் அளவில் மட்டுமல்ல, இயல்பிலேயே வேறுபடுகின்றன என்றும், ஆயினும் ஒன்றுக்கொன்று உரியவை என்றும் கற்பித்தது. 'இயல்பிலேயே வேறு' என்பதைக் கேட்டதும் உயர்வு தாழ்வை நினைப்பது பெரும் பிழை. அளவில் வேறு என்று சொல்லியிருந்தால்தான் குரு இன்னும் சிறந்த கிறிஸ்தவர் என்று பொருள்பட்டிருக்கும். அவர் அப்படிப்பட்டவர் அல்லர். திருச்சபையின் தலையாகிய கிறிஸ்துவின் பெயரால், மற்றவர்களின் பலி கிறிஸ்துவின் பலியோடு இணையும்படி பணிசெய்ய அமர்த்தப்பட்டவர். அந்தப் பணியை அதிகாரமாக மாற்றிக்கொண்ட குருக்கள் உண்டு என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். உங்கள் நண்பரின் கேள்விக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்த முறை திருப்பலியில் காணிக்கைகளை ஒப்புக்கொடுத்தபின் குரு சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். 'என் பலி' என்று அவர் நிறுத்திவிடுவதில்லை. 'என்னுடையதும் உங்களுடையதுமான இப்பலி' என்றுதான் சொல்கிறார்.